வாய் மேலே பார்க்கும் போத்தல்கள்

என் தங்கச்சியைக் கட்டிய போத்தல் ராசா, சிவனாண்டி மச்சானுக்கு,

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வருசம் ஆடி மாதம், நல்ல பகல் பத்து மணிக்கு, உன் குழிமேட்டிலிருந்து நான் ஓடினேன். சும்மா ஓடவில்லை. வேலிக் கம்பியில் மாட்டிய சாரத்தைக் கழற்றி விட்டுவிட்டு ஓடினேன். கீழ் மலையில் றப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி அந்தச் சாரத்தை நாலாக மடித்து, பரிசு கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறேன். ஒருவரும் நம்புவதில்லை.

பேய்க்குப் பயந்தவர்களைக் கேலி பண்ணியே இத்தனை வயது வரைக்கும் வந்தவன் நான். அந்தச் சடையன் ஓடினான் என்றால் எதற்கு ஓடினான்? நீ கூப்பிட்டாய், அதனால் ஓடினேன்.

நம்முடைய தோட்டத்து வாலிபர் சங்கம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறது. போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறோம், உங்கள் மச்சானுக்கு எழுதுங்கள் என்றார்கள். இரண்டாம் வகுப்போடு சிலேட்டை உடைத்தவன் நான். எழுத்துப் பிழைகளை ஒபிசுக் கிளாக்கர் ஐயா திருத்தித் தந்தார். மற்றப் பிழைகளெல்லாம் என்னுடையவை. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குச் சேதி நிறைய இருக்கிறது. துரை சீமைக்குப் போய்விட்டார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லயத்து வரிசையில் பாதி வீடு, பாதிக் காம்பராக்கள் காலி. அந்த நாளில் இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பாஸ்போட் வந்து, சட்டி பானையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவில்லாத காம்பராவுக்குள் காற்று நுழைந்து அடுத்த காம்பரா வழியாக வெளியே வருகிறது. அடுப்புக்குள் நாய் படுத்திருக்கிறது. மாலையில் பால் வாளியோடு அந்தப் பக்கம் நடந்து வரும்போது, பழக்கத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது கேலி சொல்ல வாயைத் திறக்கிறேன். யாரிடம் சொல்வது?

நீயும் தங்கச்சி அங்கம்மாவும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டீர்கள். நான் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதினேன். அவளுக்கும் வந்துவிட்டது மச்சான். நீ போய் ஏழு வருசம் கழித்து உன் பெயரும் அதில் இருந்தது.

இன்னொரு சேதி, இதைக் கேட்டால் நீ எழுந்து உட்காருவாய். உன் போத்தல்களைத் தேடிக் கொழும்பிலிருந்து கார் வந்தது.

அந்தக் குழி ஞாபகமிருக்கிறதா? ரோசாப் பாத்தி போட வேண்டும் என்று துரை உன்னைப் பங்களாவின் பின்பக்கம் மண் கொத்தச் சொன்னார். இரண்டடி இறங்கியதும் மண்வெட்டி கிணுங்கியது. முந்தி இருந்த துரைமார் எல்லாருடைய குப்பையும் அங்கேதான் கிடந்தது. மேலே ஜாம் போத்தல். அதற்குக் கீழே கோலி வைத்த சோடாப் போத்தல். இன்னும் கீழே அடி உருண்டையான, நிற்கவே நிற்காத சோடாப் போத்தல். எல்லாவற்றுக்கும் கீழே, றப்பர் வருவதற்கு முந்தின கோப்பிக் காலத்துச் சதுர ஜின் போத்தல், கறுப்புப் பச்சையில்.

இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டே நீ துரைமாரை அடையாளம் சொல்லுவாய். இந்தத் துரைக்கு வயிறு சரியில்லை, பார் எத்தனை மருந்துப் போத்தல் என்பாய். இவர் குடித்தே முடிந்திருப்பார் என்பாய். ஒரு மட்டத்தில் சின்ன நீல வாசனைப் போத்தல் வந்தது, இங்கே துரைசாணி வந்துவிட்டாள் என்றாய். பக்கவாட்டில் கொத்தும்போது அதற்குக் கொஞ்சம் மேல் மட்டத்தில் தோணி மாதிரி ஒன்று வந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற போத்தல் என்று கிளாக்கர் ஐயா பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் மட்டங்களில் குழந்தைச் சாமான் ஒன்றுகூட வரவில்லை. வாசனைப் போத்தலும் வரவில்லை.

நீ அதைக் கழுவிக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு எடுத்த இடத்திலேயே புதைத்தாய். பிள்ளையில்லாத வீட்டுக்கு அதை நீ எப்படிக் கொண்டுபோவாய் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கும் ஏதோ கேலிதான் பண்ணினேன்.

மற்றதையெல்லாம் லயத்துக்குக் கொண்டுவந்தாய். சாம்பல் போட்டுத் தேய்த்து ஜன்னலில், அடுப்புத் திண்டில், கட்டிலுக்குக் கீழே என்று அடுக்கினாய். காலை வெயில் பட்டால் சுவர் முழுக்கப் பச்சையும் நீலமுமாக இருக்கும். மனுசன் நெல்லு சேர்ப்பான், ஆடு சேர்ப்பான், இவன் வெறும் போத்தல் சேர்க்கிறான் என்று லயமே சிரித்தது. சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் நான். உனக்குப் போத்தல் ராசா என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

நீ கோபப்பட்டதில்லை. இருந்த ஆளைப் பிடித்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவாய். போத்தலுக்கு வயது பார்க்க வேண்டுமென்றால் வாயைப் பார் என்பாய். பக்கத்தில் ஒரு கோடு மேலே ஏறும். அது வாய் வரைக்கும் போனால் மெசின் செய்தது, நேற்றுப் பிறந்தது. கழுத்தோடு நின்றுவிட்டால் வாயை ஒரு ஆள் கையால் வைத்திருக்கிறான், அதுதான் பழசு. கோலிப் போத்தல் ஏன் குறைவாகக் கிடைக்கிறது தெரியுமா என்று கேட்பாய். உள்ளே இருக்கும் கோலிக்காக ஊரெல்லாம் உடைத்துவிட்டார்கள், அதனால்தான். கண்ணாடிக்குள் குமிழி இருந்தால் அது பழுதில்லை, ஊதினவனுடைய மூச்சு என்பாய். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதினால் கிளாக்கர் ஐயா வெட்டிவிடுவார்.

போத்தலில் புடைத்து நிற்கும் இங்கிலீசு எழுத்துகளைக் கடதாசி வைத்துக் கரியால் தேய்த்து எடுத்துக்கொண்டு நீ ஒபிசுக்குப் போவாய். கிளாக்கர் ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசிப்பார். உருண்டை அடிப் போத்தலைப் பார்த்ததும் அவர் தன் யாழ்ப்பாணத் தமிழில் உன்னை எச்சரித்தார்.

"உது கப்பலிலை வந்த சாமான் காணும். கவனமா வைச்சிரும்."

அந்த ஒரு சொல்லுக்காக அதை நீ தலைமாட்டில் வைத்தாய். நிறுத்தி வைத்தால் தக்கை மூடி காய்ந்து காற்றுப் போய்விடுமாம். அதனால் எப்போதும் படுத்தே கிடக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். சீமையிலிருந்து இங்கே வரைக்கும் படுத்துக்கொண்டே வந்த சாமான் என்று நீ பெருமையாகச் சொல்ல, நம்ம கங்காணியும் அப்படித்தான் வேலைக்கு வருகிறார் என்று நான் சொல்ல, நீ சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாய்.

வேலை முடிந்து வந்தால் ஒவ்வொரு போத்தலாக எடுத்து உதட்டில் வைத்து ஊதுவாய். சதுர ஜின் போத்தலுக்கு மாடு கத்துகிற குரல். கோலிப் போத்தல் விக்கும். சின்ன நீலப் போத்தல் மட்டும் பெண்பிள்ளை மாதிரி மெல்லிசாக நீட்டும். அங்கம்மா அடுப்படியிலிருந்தே எது எந்தப் போத்தல் என்று சொல்லிவிடுவாள்.

இனி எழுதப் போவது கொஞ்சம் கஷ்டம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கூப்பன் அரிசி சுருங்கி, மாவும் இல்லாமல் போன வருசம் அது. காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றோம். ஆட்கள் பெரட்டுக்கு வரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உனக்கு வயிற்றால் போகத் தொடங்கி மூன்றாம் நாள், கண் உள்ளே போய்விட்டது. அண்ணே, ஓடிப் போய் மருந்து வாங்கிட்டு வா என்று அங்கம்மா என்னை அனுப்பினாள்.

டிஸ்பென்சரி பெரிய டிவிசனில், மூன்று கட்டை தூரம், மூன்று மைலுக்கு அப்பால். போத்தல் கொண்டுபோனால்தான் மருந்து. மருந்துக்கார ஐயா அதில் தண்ணி மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு பல் வெட்டிய கடதாசியைப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். போத்தலுக்கு உன் வீட்டில் பஞ்சமா? ஜன்னலில் ஒன்றை எடுத்துக்கிட்டுப் போ என்று சொல்லிவிட்டு அவள் தண்ணிக்குப் போனாள்.

நான் உருண்டை அடிப் போத்தலை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? ஏழு வருசமாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கார ஐயா சிரிக்காத மனுசன். அவர் மருந்தை ஊற்றி மேசையில் வைக்கப் போகும்போது அது உருண்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான். வந்து உனக்கு நடித்துக் காட்டலாம், நீயும் சிரிப்பாய், பாதி நோய் போய்விடும் என்று நினைத்தேன். நீ செத்துப்போகக் கூடிய ஆள் என்று எனக்குத் தெரியாது மச்சான். மற்றவர்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வைத்துப் பார்க்கவே இல்லை. அடியைத் தடவிப் பார்த்தார். நிற்கிற போத்தல் கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்களிடம் ஒரு போத்தல் கேட்டேன். அந்த வருசம் போத்தலையும் விற்றுத் தின்றவர்கள்தான் அந்த வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. மூன்று கட்டை திரும்பி ஏறினேன்.

அங்கம்மா தண்ணி வைத்துவிட்டு மறுபடி கீரை தேடிப் போயிருந்தாள். நீ மட்டும் கிடந்தாய். நடந்ததைச் சொன்னேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

"அவரயும் படுத்துக்கிட்டே ஊத்தச் சொல்றதுதானே மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜாம் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். போய்ச் சேரும்போது கதவில் பூட்டு தொங்கியது. மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ குடித்தது இரண்டு பல். மூன்றாவது பல்லுக்கு நீ இல்லை.

தாமதம் ஏன் என்று அங்கம்மா கேட்டாள். நான் போகும்போதே டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நம்பினாள். அன்று முதல் அந்த டிஸ்பென்சரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் மண்ணை அள்ளித் தூற்றினாள். காய்ச்சல் வந்தாலும் அங்கே போகமாட்டாள், ருவான்வெல்லை டவுனுக்கு நடந்து போவாள். மருந்துக்கார ஐயாவுக்குக் காரணம் தெரியாது. இந்தப் பொம்பிளைக்கு என்னோடு என்ன கோபம் என்று என்னிடமே ஒருநாள் கேட்டார். பைத்தியம் ஐயா என்று சொன்னேன். என் கூடப் பிறந்தவளைப் பைத்தியம் என்று சொன்னேன்.

உருண்டை அடிப் போத்தலை என் காம்பராக் கூரையில், தகரத்துக்கும் வளை மரத்துக்கும் இடையில் செருகி வைத்தேன். வெளியே வைக்கவும் முடியவில்லை, உடைக்கவும் முடியவில்லை.

உன்னை மேட்டில் புதைத்த பிறகு குழியைச் சுற்றிப் போத்தல் பதிக்கலாம் என்று சொன்னதும் நான்தான். மற்றவர்கள் கவிழ்த்துத்தான் பதிப்பார்கள், அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. நான் நிமிர்த்திப் பதித்தேன். வாயைப் பார், வாயைப் பார் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய், அதனால் எல்லா வாயும் மேலே பார்க்கட்டும் என்று வைத்தேன். உனக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைப்பு. என்னைத் தடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடிக் காற்று வந்தது. மேட்டில் மரம் கிடையாது. காற்று நேராக வந்து போத்தல் வாய்களின் மேல் தடவிப் போனது. முதலில் மாடு கத்தியது. பிறகு ஏதோ விக்கியது. பிறகு மெல்லிசாக ஒன்று நீண்டது. நீ வேலை முடிந்து வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று லயம் முழுக்க வாசலை அடைத்தது.

அங்கம்மா மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அதற்குப் பிறகு காற்று அடித்த நாளெல்லாம் போனாள். மழை பெய்து போத்தலில் தண்ணீர் நின்றால் குரல் மேலே ஏறி மெலியும், நிரம்பினால் நின்றுவிடும். அவள் குச்சியில் துணி சுற்றித் தண்ணீரை ஒற்றி எடுப்பாள். அவள் உன்னிடம் என்னவோ பேசுவாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு வந்து சொல்லுவாள். எனக்குக் கேட்டது வேறு. நிக்கிற போத்தல், நிக்கிற போத்தல் என்று நீ ஊதுவதாகத்தான் எனக்குக் கேட்டது.

வருசக்கணக்கில் அந்தப் பக்கம் போகாமலே ஒப்பேற்றினேன். போன ஆடியில் வேலி கட்ட என்னை அனுப்பினார்கள். சாரம் போன கதை அதுதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். றப்பர் மரத்துப் பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருண்டை பிடித்து, காற்றில்லாத ஒரு காலையில் போய், உன் போத்தல்கள் ஒவ்வொன்றின் வாயிலும் அடைத்துவிட்டு வந்தேன். பால் வெட்டுகிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்? மேடு அடங்கிவிட்டது. அவர் பேசமாட்டேங்கிறாரு அண்ணே, நான் போகப் போறேன்னு கோபமோ என்று அங்கம்மா கேட்டாள். பாஸ்போட் வந்த சமயம் அது. அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். குரல் வராததால் அவளும் மேடு ஏறுவதை விட்டாள், குனிந்து பார்க்கவும் இல்லை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

கார் வந்தது இந்த நேரத்தில்தான். கூட்டி வந்தது யார் தெரியுமா? பழைய போத்தல், பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு லயத்துக்கு வருவாரே, ருவான்வெல்லைக் காசிம் நானா. நீ ஒரு போத்தலும் கொடுக்கவில்லை என்று உன்னை ஏசிக்கொண்டே போவாரே, அவர்தான். காரிலிருந்து இறங்கியவர் வெள்ளைக் காற்சட்டை போட்ட கொழும்பு மாத்தயா, சிங்கள ஐயா.

"ஒங்கட மச்சினன் போத்தலா சேத்தீக்கிறாரு சடையன்? தங்கமல்லவா சேத்தீக்கிறாரு" என்றார் நானா.

இப்போது கொழும்பில் இதற்குத்தான் மோகமாம். கடை முழுக்கப் பிளாஸ்டிக் வந்து குவிந்த பிறகு, பணமுள்ளவர்களுக்குப் பழைய கண்ணாடி மேல் ஆசை வந்துவிட்டது. துரைமார் விட்டுப்போன பங்களா பங்களாவாக ஆட்கள் தேடுகிறார்கள். மை போத்தல், மருந்துப் போத்தல், விளக்குச் சிமினி என்று ஒன்றையும் விடுவதில்லை. வெள்ளைக்காரன் குடித்துவிட்டு எறிந்ததை வீட்டு ஹோலில் விளக்குப் போட்டு வைக்கிறார்களாம். நீ மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வைத்த மாதிரியேதான்.

மாத்தயாவை மேட்டுக்குக் கூட்டிப் போனோம். அங்கம்மாவும் வந்தாள். அவர் உன் காலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஹரி லஸ்ஸனய், ஹரி லஸ்ஸனய் என்று சொல்லிச் சொல்லிப் போத்தல்களைத் தடவினார். அவ்வளவு அழகாம். நேரே வாயைத்தான் பார்த்தார் மச்சான். கழுத்தோடு கோடு நிற்பதைக் காட்டி நானாவுக்குப் பாடம் நடத்தினார். குமிழியைக் காட்டி, இது ஊதினவனுடைய மூச்சு என்று சிங்களத்தில் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்ன விலையை இங்கே எழுதமாட்டேன். நீ எழுந்து நேரே கொழும்புக்கு நடந்துவிடுவாய்.

பிறகு அவர் ஒரு போத்தல் வாயில் அடைத்திருந்ததை நகத்தால் நெம்பி எடுத்து, இது என்ன என்று கேட்டார். கறுத்த ஒட்டுப்பால் உருண்டை அவர் உள்ளங்கையில் இருந்தது. அங்கம்மா அதைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

அவர் இன்னொன்றும் கேட்டார். அடி உருண்டையானது ஏதாவது இருக்கிறதா, அதுதான் எனக்கு முக்கியம் என்றார். ஒன்று இருந்தது, அவர் செத்த அன்றைக்கு யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அங்கம்மா சொன்னாள். சொல்லும்போதும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்களை அனுப்பினோம்.

சாயந்தரம் அவள் தகரப் பெட்டியில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"ஏண்ணே அவரு வாய அடச்ச?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று பார்த்தேன். இன்னும் இரண்டு கிழமையில் அவள் கப்பல் ஏறிவிடுவாள். பிறகு இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நான் யாரோடு இருப்பது? போய்க் கூரையிலிருந்து போத்தலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அது உருண்டு பெட்டியில் இடித்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்பென்சரி திறந்திருந்ததையும், நிற்கிற போத்தலையும், நான் ஏறி வந்ததையும், நீ சொன்னதையும், நீ சிரித்ததையும்.

அவள் போத்தலைப் பெட்டியோரம் நகர்த்திவிட்டு இன்னொரு சேலையை எடுத்தாள். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"சிரிச்சாரா?"

சிரித்தார் என்றேன்.

"எப்பிடி?"

சத்தமில்லாமல், வயிறு குலுங்க என்றேன்.

"நீ மருந்த தாமசமாக்குனத நான் மன்னிச்சாலும் மன்னிப்பேன்ணே. கடைசியா அவரு மொகத்துல நான் பாத்தது நோவு மட்டுந்தான். அவரு சிரிச்சிருக்காரு. அத ஏழு வருசமா நீ மட்டும் வச்சிக்கிட்டியே. அத மன்னிக்க மாட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை மச்சான். சேலையை மடிப்பதையும் நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, நீ சொன்ன சொல்லை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு முறை கேட்டாள். மூன்றாம் முறை சொல்லும்போது அவள் வயிறு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் இரண்டு பேருமாக மேட்டுக்குப் போனோம். ஒட்டுப்பாலை ஊசியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தோம். விற்கச் சொல்லிக் கங்காணி ஒரு பக்கம் நச்சரித்தார், சத்தம் தொலையட்டும் என்று லயம் ஒரு பக்கம். இது அவரு வாய், விக்கிறதுக்கில்ல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். காசிம் நானா உன்னை ஏசிய மாதிரியே அவளையும் ஏசிக்கொண்டு இறங்கிப் போனார். பால் குடிக்கிற போத்தலைப் பற்றி நான் மாத்தயாவிடம் மூச்சு விடவில்லை. அது நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அவள் ஒன்று மட்டும் பிடுங்கினாள், காலடியில் இருந்த நீல வாசனைப் போத்தல். சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். உருண்டை அடிப் போத்தலை என் கையில் கொடுத்து, இது உனக்குத்தான், எங்கயும் ஒளிக்காத, படுக்க வச்சே வச்சிரு என்றாள். இன்னொன்றும் சொன்னாள். நான் தூற்றின மண்ணுக்கு நீதான் அந்த மருந்துக்காரர்கிட்டப் போய்க் காரணம் சொல்லணும் என்றாள்.

ரம்புக்கனையில் கப்பலுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன். வழக்கமாக வழியனுப்புகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்புகிறவன் நான், அன்று பெட்டியை மட்டும் தூக்கிக் கொடுத்தேன். ரயில் நகர்ந்த பிறகு அவள் ஜன்னலில் அந்த நீலப் போத்தலை உதட்டில் வைத்து எனக்குக் காட்டினாள். ஊதினாளா? ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அங்கே போய் ஊதுகிறாளோ, மண்டபம் முகாமில் யாராவது பறித்துக்கொண்டார்களோ, ஒரு கடிதமும் இல்லை.

இப்போது ஆடி மறுபடி வந்திருக்கிறது. மாடு கத்துகிறது, கோலி விக்குகிறது. மெல்லிசாக நீளுகிற அந்த ஒன்று மட்டும் இல்லை. அது வர வேண்டிய இடத்தில் காற்று சும்மா போகிறது. அந்தச் சும்மாவுக்குத்தான் இப்போது என் மயிர் கூச்செறிகிறது. ஆனாலும் ஓடுவதில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ நிக்கிற போத்தல் என்று இன்னும் சொல்கிறாய் போலத்தான் இருக்கிறது. ஆனால் கோபமாகச் சொல்கிறாயா, சிரித்துக்கொண்டு சொல்கிறாயா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறேன். சில நாள் ஒரு மாதிரி, சில நாள் இன்னொரு மாதிரி.

மழை விட்ட ஒவ்வொரு காலையும் குச்சியில் துணி சுற்றிக்கொண்டு வந்து உன் போத்தல்களில் நிற்கும் தண்ணீரை நான் எடுப்பேன். என் கால் இந்த மேடு ஏறுகிற வரைக்கும் உன் வாய் அடைபடாது. மருந்துக்கார ஐயாவிடமும் சொல்லிவிடுவேன். இதை உனக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இனித் தப்ப முடியாது.

உண்மையில் நேற்றே அவரிடம் போக வேண்டியதாயிற்று. உருண்டை அடிப் போத்தலைக் கழுவும்போது என் ஆள்காட்டி விரல் கழுத்துக்குள் மாட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டும் வரவில்லை. மூன்று கட்டை அப்படியே நடந்து போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நான் வாயைத் திறந்து, ஐயா, ஏழு வருசத்துக்கு முந்தி என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், போத்தலை மேசையில் வை என்றார். வைத்தேன். அது உருண்டது. நானும் அதோடு போனேன்.

உன் பெண்சாதியின் அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சடையன்